செட்டிகுளத்து யானையும் நியூற்றன் விதியும்

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தருகே தண்டவாளத்தைக் கடந்த தாய்யானையொன்றும் மூன்று கன்றுகளும் புகையிரதம் மோதி மாண்டன.

‘புகையிரதம் யானையை மோதிக் கொன்றது’ என்னும் வாக்கியத்திலே புகையிரதம் எழுவாய், யானை செயப்படுபொருள். இலக்கணம் காணும் இவ்வேறுபாட்டை இயற்கை அறியாது. யானைமேல் வண்டி செலுத்திய விசை எவ்வளவோ, அவ்வளவே வண்டிமேல் யானை செலுத்தியதும் என்பது நியூற்றனின் மூன்றாம் விதி. அவ்வாறாயின், யானை மட்டும் மடிந்ததேன்?

கணக்கிட்டுக் காண்போம், எண்கள் யாம் கொண்ட எடுகோள்களே. யானையின் திணிவு 3,000 கிலோகிராம், வண்டியினது 300,000, வண்டியின் வேகம் செக்கனுக்கு 15 மீற்றர். நின்ற யானை செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரத்துள் ஏறத்தாழ அவ்வேகத்தை எய்துமாயின், அதன் உந்தமாற்றம் 45,000. அதனை மோதற்காலத்தால் வகுக்க, விசை 225,000 நியூற்றன். இதே விசையால் வண்டியின் வேகம் 15இலிருந்து 14.85 ஆகிறது. உள்ளிருப்போர்க்கு ஒரு சிறு குலுக்கம்; அவ்வளவே. யானையின் ஆர்முடுகலோ புவியீர்ப்பின் ஏழு மடங்கினும் மிகுதி. எந்த என்பு தாங்கும்?

மோதற்காலம் மாறாதாயின், வேகம் பாதியாக விசையும் பாதியாகும். அதனினும் பெரிது மற்றொன்று: ஒரே தடுப்புவிசைக்கு, வண்டி நிற்க வேண்டும் தூரம் காற்பங்காகிவிடும்.