டிராகன் படகில் நமக்கும் ஓர் இருக்கை

டிராகன் படகு என்றதும் நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். ஒன்று, "அது சீனர்களின் விளையாட்டு ஆயிற்றே!" மற்றொன்று, "நீச்சலே தெரியாது, தண்ணீருக்குப் போகணுமா?" ஜொகூர் பாருவில் வார இறுதிகளில் துடுப்பு வலிக்கும் நான், புதிதாக வருபவர்களிடம் இவ்விரண்டையும் அடிக்கடி கேட்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். சீன நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், மிலுவோ ஆற்றில் மூழ்கிய கவிஞர் சூ யுவானைத் தேடி மக்கள் படகுகளில் விரைந்தார்கள் என்பது பழங்கதை. பக்கத்து வீட்டுச் சீன அண்டி நமக்கு 'பாச்சாங்' கொடுத்தனுப்புவதும் அந்த நாளில்தான். ஆனால் ஹாங்காங்கில் 1976-இலும் பினாங்கில் 1979-இலும் அனைத்துலகப் போட்டிகள் தொடங்கிய பிறகு இது எல்லாருக்குமான விளையாட்டாகிவிட்டது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் இதற்குப் பதக்கமும் உண்டு. தாளத்துக்குத் துடுப்புப் போடுவது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. கேரளத்தின் நேரு கோப்பைப் படகுப் போட்டி 1952-லிருந்து நடக்கிறது.

படகில் யார் யார்?

பெரிய படகில் 22 பேர். இருவர் இருவராகப் பத்து வரிசையில் 20 துடுப்பாளர்கள், முன்னால் முரசு அடிப்பவர், பின்னால் சுக்கான் பிடிப்பவர். எடை கூடியவர்களை நடுவில் அமர்த்துவார்கள். முதல் வரிசையில் இருக்கும் இருவர்தான் வேகத்தை நிர்ணயிப்பவர்கள். மற்ற எல்லாரும் அவர்களைப் பின்பற்ற வேண்டும்.

புதியவர்கள் தங்கள் துடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பார்த்தால் தாளம் தவறும், பின்னால் இருப்பவரின் துடுப்போடு மோதும். கண் முன்னால் இருக்கட்டும். படகின் விளிம்பை ஒட்டி உட்காருங்கள். ஒரு கை துடுப்பின் உச்சியிலும், மற்றது அலகுக்குச் சற்று மேலேயும் இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி முன்னால் எட்டி, அலகு முழுதும் நீரில் இறங்கிய பிறகே இழுக்க வேண்டும். துடுப்பு இடுப்பருகே வந்ததும் வெளியே எடுத்துவிடுங்கள். கையால் மட்டும் இழுப்பவருக்குப் பத்து நிமிடத்தில் தோள் வலிக்கும். முதுகும் காலும் சேர்ந்து உழைத்தால்தான் தாக்குப் பிடிக்கலாம்.

பலசாலிகள் இருபது பேர் ஆளுக்கொரு தாளத்தில் வலித்தால் படகு ஆடும், ஓடாது. சாதாரண உடம்புக்காரர்கள் இருபது பேர் ஒன்றாக வலித்தால் அது வழுக்கிக்கொண்டு போகும்.

பயத்துக்கு என்ன பதில்?

தண்ணீரைப் பார்த்துப் பெற்றோர் பயப்படுவது நியாயமே. 2007 நவம்பரில், கம்போடியாவின் தொன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூர் தேசியக் குழுவின் படகு கவிழ்ந்து ஐவர் இறந்தனர். அவர்கள் தேர்ந்த வீரர்கள், ஆனால் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அதனால்தான் நான் யாரிடமும் ஒரே விஷயத்தை அழுத்திச் சொல்வேன்: லைஃப் ஜாக்கெட் தராத, அல்லது "சும்மா போய் வரலாம், வேண்டாம்" என்று சொல்லும் படகில் ஏறாதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் முன்பே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். கூடவே நீச்சல் வகுப்பிலும் சேருங்கள். படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தப் பார்க்காமல், படகைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் அமர்ந்திருந்தவரைத் தேடுங்கள்.

நம் ஊர் வானத்தையும் மறக்கக்கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமத்ரா' புயற்காற்று விடியற்காலையிலும் காலை வேளையிலும் திடீரென்று வீசும். மேற்கே வானம் கருத்தாலோ இடி கேட்டாலோ பயிற்சியை நிறுத்திக் கரையேற வேண்டியதுதான்.

எதற்காக இவ்வளவு சிரமம்?

கனடாவின் வான்கூவரில் 1996-இல், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டாக்டர் டான் மெக்கென்சி டிராகன் படகில் ஏற்றினார். கைக்கு அதிக வேலை கொடுத்தால் கை வீங்கிவிடும் என்று மருத்துவ உலகம் எச்சரித்த காலம் அது. அந்தப் பருவம் முடிந்தபோது யாருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று அத்தகைய குழுக்கள் பல நாடுகளில் உள்ளன.

ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய் வருபவர்களுக்குப் பேருந்திலும் மேசையிலும் உட்கார்ந்தே வாரம் கழிகிறது. அவர்களுக்கு இது உடம்புக்கு நல்ல மருந்து. மலாய், சீன, தமிழ் முகங்கள் ஒரே படகில் ஒரே தாளத்தில் மூச்சு வாங்குவது இன்னொரு லாபம்.

முதல் நாளுக்குப் பெரிய செலவில்லை. துடுப்பும் லைஃப் ஜாக்கெட்டும் பெரும்பாலும் குழுவே தரும். விரைவில் காயும் சட்டை, தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற காலணி, ஒரு புட்டி தண்ணீர், மாற்று உடை ஆகியவை போதும். இதயக் கோளாறு, முதுகு வலி, தோள் காயம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் முதல் முறை கூடவே வந்து, கரையில் நின்று பாருங்கள். யார் லைஃப் ஜாக்கெட்டின் வாரைச் சரிபார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். அதை வைத்தே அந்தக் குழுவை எடைபோட்டுவிடலாம்.