எலும்பின் இருப்பை அறிவோம்

முதுமை வந்தால் முதுகு கூனுவது இயல்பே என்று நம்மில் பலர் எண்ணி வருகிறோம். வாயிற்படியில் தடுக்கி விழுந்த மூதாட்டியின் இடுப்பெலும்பு முறிந்தால், விதி என்று கூறி அமைகிறோம். பல சமயங்களில் இவை எலும்புப் புரை என்னும் நோயின் விளைவுகளே.

சங்கத்தின் கணக்கைப் போன்றே எலும்பிலும் வரவு செலவு உண்டு. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதியதைக் கட்டும் அணுக்களும் இடையறாது தொழில் புரிகின்றன. ஏறத்தாழ 30 வயது வரையில் வரவு மிகுதி. பின்னர் செலவு மெல்ல மிகுகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இக்குறைவு விரைவாக நேர்கிறது. எலும்பு முறியும் வரையில் வலி தோன்றாமையால் நோய் புலப்படுவதில்லை. சாதாரண எக்ஸ்ரே படமும் எலும்பு வெகுவாகக் கரைந்த பின்னரே அதைக் காட்டும்.

இருப்பை முன்னரே அறிவதற்கு 'டெக்ஸா' என்னும் சோதனை உளது. இருவகை ஆற்றலுடைய எக்ஸ்ரே கதிர்களை இடுப்பிலும் கீழ் முதுகிலும் செலுத்தி எலும்பின் அடர்த்தியை அளப்பர். சில நிமிஷங்களே ஆகும், வலி இல்லை, கதிரின் அளவும் சொற்பம். அந்த அடர்த்தியை இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு 'டி' எண்ணாகக் குறிப்பர். உலக சுகாதார ஸ்தாபனம் 1994-இல் வெளியிட்ட வரையறைப்படி, அவ்வெண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழாயின் எலும்புப் புரை எனக் கொள்ளப்படும்.

65 வயது நிறைந்த பெண்களும், சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்தவர்களும், ஸ்டீராய்டு மாத்திரைகளை நெடுநாள் உண்பவர்களும் இச்சோதனை பற்றி மருத்துவரைக் கேட்பது நலம்.

நோய் உறுதியானால் மருந்து உண்டு. அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் நிறைய நீருடன் விழுங்க வேண்டும். பின்னர் அரைமணி நேரம் படுத்தலும் உண்ணலும் ஆகா. சிறுநீரகமோ உணவுக்குழாயோ பழுதுற்றவர்களுக்கு இது பொருந்தாமற் போகலாம். ஆதலின், மருத்துவர் சொல்லின்றி இதனைத் தொடலாகாது.

மருந்தோடு ஆகாரமும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உளது. அது உடலில் சேர வைட்டமின் டி தேவை. அதனை நம் தோல் வெயிலில் ஆக்கிக்கொள்கிறது. நாள் முழுதும் தறிக்குழியில் அமரும் நெசவாளர் அன்றாடம் சிறிது நேரம் வெயிலில் நடப்பாராக. வயலில் உழைப்போரும் பாலையும் கீரையையும் மறவாதிருப்பாராக.

எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டதோடு கடமை முடிந்ததென்று இராமல், முறிந்த காரணத்தையும் ஆராய்வோம். அடுத்த முறிவைத் தடுக்கும் வழி அதுவே.