கட்டளை கொழும்பில், தாள் மானிப்பாயில்

மானிப்பாயில் வீட்டு மேசையில் இருந்தபடி கொழும்பு அலுவலகக் கணினியில் வேலை செய்கிறவர் ஒரு கடிதத்தை அச்சிடுகிறார். பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் அசையவே இல்லை. ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால், ஆளில்லாத அலுவலகத்தில் அந்தக் கடிதம் வெளியே வந்து கிடக்கிறது. சம்பள விவரமோ வாடிக்கையாளர் கணக்கோ அதில் இருந்தால், உடனே அங்குள்ள ஒருவரை அழைத்து எடுத்துவைக்கச் சொல்வதே முதல் வேலை.

2020 மார்ச்சில் நாடெங்கும் ஊரடங்கு வந்தபோது அலுவலக வேலை பலரின் வீட்டுக்குள் நுழைந்தது. 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாடு அரச ஊழியர்களையும் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தது. பிரிண்டர் சிக்கலும் கூடவே வந்தது.

காரணம் எளிது. ரிமோட் டெஸ்க்டொப்பில் வேலை முழுவதும் தூரத்துக் கணினியிலேயே நடக்கிறது. வீட்டுக்கு வருவது அதன் திரைக் காட்சி. வீட்டிலிருந்து போவது விசைத் தட்டலும் மவுஸ் அசைவும்தான். அச்சிடும் கட்டளையையும் அலுவலகக் கணினியே ஏற்கிறது. வீட்டில் ஒரு பிரிண்டர் இருப்பதை யாராவது சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

சொல்லும் வழி விண்டோஸில் உண்டு. இணைப்பைத் தொடங்க முன் 'லோக்கல் ரிசோர்சஸ்' பகுதியில் 'பிரிண்டர்ஸ்' கட்டத்தில் சரி அடையாளம் இட வேண்டும். இணைந்த பின், அலுவலகக் கணினியின் பிரிண்டர் பட்டியலில் வீட்டுப் பிரிண்டரின் பெயர் 'ரீடைரக்டட்' என்ற சொல்லுடன் தோன்றும். அதைத் தெரிவுசெய்தால் தாள் வீட்டில் வரும். முன்பெல்லாம் வீட்டுப் பிரிண்டருக்கான டிரைவர் மென்பொருள் அலுவலகக் கணினியிலும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அச்சு வராது. 2008இல் விண்டோஸ் சேர்வருடன் வந்த 'ஈஸி பிரிண்ட்' அந்தத் தொல்லையைப் பெரும்பாலும் நீக்கியது. படங்கள் நிறைந்த கோப்பு என்றால் இணைய வேகத்தைப் பொறுத்துச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

அச்சு மானிப்பாய்க்குப் புதிதல்ல. அமெரிக்க மிஷன் அச்சகம் இங்கே இயங்கியது. 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியை இன்றும் ஊர்ப்பெயரால் மானிப்பாய் அகராதி என்கிறார்கள். எழுத்துக் கோப்பதும் தாளில் அழுத்துவதும் ஒரே அச்சகத்துக்குள் நடந்த காலம் அது. இப்போது ஆவணம் ஓரிடத்தில், தாள் இன்னோரிடத்தில். அந்தத் தாள் யார் கண்ணில் படுகிறது என்பதை அலுவலகத்தால் பார்க்க முடியாது.

அதனால்தான் சில நிறுவனங்கள் வீட்டுப் பிரிண்டரில் அச்சிடும் வசதியை வேண்டுமென்றே பூட்டி வைக்கின்றன. அது நியாயமான பூட்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிறரது விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள்மேல் அவற்றைக் காக்கும் பொறுப்பைச் சுமத்துவதற்காக இயற்றப்பட்டது. சரி அடையாளம் இட்டும் வீட்டுப் பிரிண்டர் பட்டியலில் வரவில்லையென்றால், கோப்பைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி அச்சிடுவது அந்தப் பூட்டை உடைப்பதற்குச் சமம். கணினிப் பிரிவைக் கேட்கலாம்: வீட்டில் அச்சிட அனுமதி உண்டா, பி.டி.எஃப். ஆகச் சேமித்து அனுப்பினால் போதுமா, அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் அச்சிட்டுக் கையொப்பம் வாங்கிவைக்க முடியுமா?