கோத்திரமும் கருவும்: புத்தத்தன்மை குறித்துச் சில குறிப்புகள்

பௌத்தம் பற்றிய நம் உரையாடல்களில் 'புத்தத்தன்மை' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. எல்லா உயிர்களுக்குள்ளும் புத்தர் இருக்கிறார் என்று அதற்குப் பொருள் சொல்லிவிடுகிறோம். திருவொற்றியூரில் நாங்கள் சிலர் கூடிப் பேசியபோது, துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் நண்பர் ஒருவர் கேட்டார்: "எல்லாருக்குள்ளயும் ஒரே ஆத்மான்னு அவங்களுந்தான் சொன்னாங்க. கிணத்துல தண்ணி எடுக்க விட்டாங்களா? இது அதுலேர்ந்து எப்படி வேற?" பௌத்தம் தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வியும் இதுதான்.

தொடக்ககாலப் பௌத்தத்தில் விஞ்ஞானம் ஒரு பொருளன்று, நிகழ்வு. கண்ணும் உருவமும் கூடுகையில் கண்ணுணர்வு தோன்றுகிறது. கூட்டம் கலைந்தால் அதுவும் இல்லை. மணிமேகலை பன்னிரு சார்புகளில் பேதைமை, செய்கை இரண்டையும் அடுத்து இதை 'உணர்வு' என்று வைக்கிறது. முன்னதைச் சார்ந்தே அது எழுகிறது.

அப்படியானால் வினையின் பயன் எங்கே தங்குகிறது? யோகாசாரத்தின் விடை ஆலயவிஞ்ஞானம். 'ஆலயம்' இங்கே கோயிலல்ல, சேமிப்பிடம். வினைகளின் வித்துகள் கிடக்கும் குடோன் என்று ராயபுரத்துக்காரர்களுக்குச் சொல்லலாம். ஆனால் குடோனுக்குச் சுவர் உண்டு. ஆலயத்துக்குச் சுவரில்லை, வசுபந்து அதை வெள்ளப்பெருக்குக்கு ஒப்பிடுகிறார். நிலைத்த 'நான்' இங்கும் இல்லை.

சிக்கல் 'ததாகதகர்ப்பம்' என்ற கருத்தோடு வருகிறது. கர்ப்பம் என்றால் கருப்பையும் உண்டு, கருவும் உண்டு. இது பிறர் சொல்லும் ஆத்மாதானே என்று லங்காவதார சூத்திரத்தில் மகாமதி கேட்கிறார். ஆத்மா இல்லை என்றால் அஞ்சுகிறவர்களுக்காகச் சொன்ன உபாயம் இது என்பது புத்தரின் பதில். ஆனால் உபாயம் சில இடங்களில் உண்மைப் பொருளாகவே இறுகிப்போனது.

இதற்கு எதிர்முனையில் இன்னொரு சொல் நிற்கிறது: கோத்திரம். யோகாசாரம் உயிர்களை ஐந்து கோத்திரங்களாகப் பிரித்தது. ஐந்தாவது வகையினருக்கு விடுதலையே கிடையாது. காஞ்சியிலிருந்து நாலந்தா சென்ற தர்மபாலரின் விளக்கங்களை முதன்மைப்படுத்தி யுவான் சுவாங் சீனத்தில் வளர்த்த மரபும் இதை ஏற்றது. அதற்கு முன்பே, வேரறுந்தவர் எனப்பட்ட 'இச்சாந்திக'ருக்கும் புத்தத்தன்மை உண்டு என்று சொன்னதற்காகச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் தாவோ ஷெங் (இறப்பு 434). ஆக, புத்தத்தன்மை ஒரு கட்டத்தில் கோத்திரத்துக்கு எதிரான கலகக் குரல்.

அதே குரல் பின்னர் ஒடுக்குமுறைக்குத் திரையாகவும் ஆயிற்று. 1979இல் ஒரு சர்வதேச சமய மாநாட்டில், புராக்கு மக்கள் மீதான ஒதுக்கல் ஜப்பானில் இல்லவே இல்லை என்று சோட்டோ ஸென் பிரிவின் பிரதிநிதி மறுத்தார். இறந்த பிறகும் அம்மக்களுக்கு இழிபெயர் சூட்டிய வழக்கம் அப்பிரிவிலேயே இருந்தது. இதையொட்டி 80களில் ஹகமயா, மத்சுமோட்டோ ஆகியோர் முன்வைத்த விமர்சனம் முக்கியமானது: எல்லாரும் ஏற்கெனவே புத்தர் என்றால் மாற்ற வேண்டியது எதுவுமில்லை, அடியில் 'ஒன்று' இருப்பதாகச் சொல்லி மேலே உள்ள ஏற்றத்தாழ்வை இயல்பாக்குகிறார்கள். மத்சுமோட்டோ இதை 'தாது வாதம்' என்றார்.

தமிழ்ச் சூழலில் நாம் மீண்டும் வாசிக்க வேண்டியவர் பெரம்பூர்ப் பௌத்தர்களோடு இயங்கிய லட்சுமி நரசு. அவரது 'பௌத்தத்தின் சாரம்' என்ற ஆங்கில நூல் 1907இல் வந்தது. 1948 பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். ஆன்ம மறுப்பும் சாதி மறுப்பும் அந்நூலில் ஒருங்கே வருகின்றன. பிறப்போடு ஒட்டிய சாரம் எதுவுமில்லை என்றால் சாதிக்கு நிற்க இடமேது?

எனவே புத்தத்தன்மையை உள்ளே புதைந்த பொருளாக வாசிக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். உணர்வு சார்ந்து எழுவது என்பதால் யாருடைய நிலையும் முடிந்துபோனதல்ல என்ற அளவிலேயே அச்சொல்லுக்கு மதிப்பு. சார்புகள் என்றால் சோறு, கூலி, எண்ணூரில் மூச்சோடு உள்ளே போகும் சாம்பல் எல்லாமும்தான். மணிமேகலை அறம் கேட்டது கடைசியில்; அதற்கு வெகு முன்பே அவள் பாத்திரம் சிறைக்கோட்டத்தில் பசி தீர்த்தது, அச்சிறை அறக்கோட்டமாயிற்று. காப்பியத்தின் இந்த வரிசைமுறை தற்செயலானதல்ல என்றே கருதுகிறேன்.