பொருநையும் முத்துக்கடலும்

உலகத்துப் பல நாடுகளையும் கண்டு வருதலில் மக்களுக்கு என்றும் வேட்கை உண்டு. எகிப்து நாட்டுப் பிரமிடுகளைக் காணவும், ஆசுத்திரேலியாக் கண்டத்தின் கீழ்க்கடலில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் பவளத்திட்டுகளைக் காணவும் ஆண்டுதோறும் எண்ணிறந்தோர் செல்கின்றனர். பழமையின் சிறப்பும் இயற்கையின் வியப்பும் ஓரிடத்தே கூடியிருத்தல் அரிது. அவ்விரண்டும் ஒருங்கே அமைந்த நிலப்பகுதி ஒன்று நம் தமிழகத்தின் தென்கோடியில் உள்ளது. அதுவே முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற தூத்துக்குடிக் கடற்கரையும், அதனை அடுத்த பொருநைக் கரையும் ஆகும்.

தூத்துக்குடி மாநகரின் ஒரு பகுதி மில்லர்புரம். அங்கிருந்து காலையிற் புறப்படுவோர், பொருநைக் கரைக்குச் சென்று, ஆற்றின் போக்கிலேயே கடற்கரைக்கு மீண்டால், மூவாயிரம் ஆண்டு வரலாற்றை ஒரு பகலிற் கண்டு வரலாம். அவ்வாறு செல்வோர்க்கு வழிகாட்டியாக அமைவது பொருநையாறு. தாமிரவருணி என்பதும் அதன் பெயரே. பொதிய மலையிற் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது அவ்வாறு. பிறப்பிடமும் புகுமிடமும் தமிழகத்திலேயே அமையப்பெற்ற ஆறு அது.

ஆற்றின் தென்கரையில், திருவைகுண்டத்திற்கு அணித்தே உள்ள ஊர் ஆதிச்சநல்லூர். அங்குள்ள பரம்பு நிலம் பண்டை மக்களின் இடுகாடு. இறந்தோரைப் பெரிய மண்தாழியில் இட்டு, அவர் கையாண்ட கலங்களையும் கருவிகளையும் உடன்வைத்துப் புதைத்தனர் அக்காலத்தார். இவற்றை முதுமக்கள் தாழி என்பர். 1876 ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு அறிஞர் யாகோர் இங்கு அகழ்ந்து, கிடைத்த பொருள்களைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாண்டர் ரீ என்பார் 1899 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அகழ்ந்து, பொன்னாலாகிய நெற்றிப்பட்டங்களையும், வெண்கல உருவங்களையும், இரும்புக் கருவிகளையும் வெளிக்கொணர்ந்தார். அவற்றைச் சென்னை அருங்காட்சியகத்திற் காணலாம். 2004 ஆம் ஆண்டிலும் 2021 ஆம் ஆண்டிலும் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் ஆய்வு நடத்தினர். தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே இருக்கச்செய்து, மேலே கண்ணாடித் தளம் அமைத்து, காண்போர் அதன்மீது நின்று குனிந்து நோக்குமாறு 2023 ஆம் ஆண்டில் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

அதே வட்டாரத்துச் சிவகளையில் ஒரு தாழியினுள் நெல்மணிகள் கிடைத்தன. அவை கி.மு. 1155 ஆம் ஆண்டைச் சார்ந்தன என்னும் ஆய்வு முடிவு 2021 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இறந்தவர்க்கென வைத்த ஒரு பிடி நெல், மூவாயிரம் ஆண்டு கழிந்தும் இங்கு வாழ்ந்தோர் உழவறிந்த மக்கள் என்று சான்று கூறுகின்றது!

ஆற்றின் போக்கிலே கிழக்கு நோக்கி வருவோர் கொற்கையை அடைவர். சங்கச் சான்றோர் பாடிய பாண்டியர் துறைமுகம் இதுவே. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த, பெயர் அறியப்படாத கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய கடற்செலவு நூலிலும், இரண்டாம் நூற்றாண்டினராகிய தாலமியின் நிலநூலிலும் இவ்வூர் ‘கொல்கை’ எனக் குறிக்கப்பெறுகின்றது. பாண்டிய மன்னனுக்கு உரிய முத்துச் சலாபம் இங்கு இருந்ததென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகள் அதில் மூழ்கி முத்தெடுத்தனர் என்றும் அம்மாலுமி கூறுகின்றார். 1968-69 ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785 ஆம் ஆண்டினது எனக் கணிக்கப்பட்டது.

கொற்கையைக் காணச் செல்வோர் ஆங்கே கடலைத் தேடுவர். கடல் இராது. வயலும் குளமும் சூழ்ந்த சிற்றூரே கண்ணுக்குப் புலப்படும். அலைகள் மோதிய துறை இன்று கடலினின்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கின்றது. இஃது எவ்வாறு நேர்ந்தது? மலையிலிருந்து இறங்கும் ஆறு மணலையும் வண்டலையும் அடித்து வருகின்றது. சமநிலத்தை அடைந்ததும் அதன் வேகம் தணிகின்றது. கடலை எய்தும்போது மேலும் தணிகின்றது. அப்போது சுமந்து வந்த வண்டல் கீழே படிகின்றது. ஓராண்டிற் படிவது சிறிதே எனினும், நூற்றாண்டுகள் பல கழிய, முகத்துவாரம் மேடாகின்றது. கடல் இருந்த இடம் நிலமாகின்றது. கொற்கையின் மண்ணைத் தோண்டுமிடத்துச் சங்குத் துண்டுகளும் சிப்பிகளும் வெளிப்படுதல் இவ்வுண்மையை வலியுறுத்தும். கொற்கைக்கு வாழ்வளித்த பொருநையே அதன் துறையைத் தூர்த்தது.

துறை தூர்ந்ததும் வாணிகம் கடலைப் பின்தொடர்ந்து சென்றது. கடலுக்கு அணித்தாகக் காயல் என்னும் புதிய பட்டினம் எழுந்தது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கண்டு, ஏடனிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் குதிரைகளை ஏற்றி வரும் மரக்கலங்கள் தங்கும் பெருநகரம் என்று வியந்து எழுதினார். அப்பட்டினம் இன்றைய பழையகாயலே என்று அறிஞர் கால்டுவெல் ஆய்ந்து கூறினார். அங்கு நிலத்திற் சிதறிக் கிடந்த சீன நாட்டுப் பீங்கான் ஓடுகள் அவருக்குச் சான்றாயின. காயலையும் ஆற்று வண்டல் விட்டுவைக்கவில்லை. அதன் துறையும் தூர்ந்தது. அதன்பின் வடக்கே பொருநையின் வண்டல் எட்டாத தூத்துக்குடி தலையெடுத்தது. போர்ச்சுகீசியரும், 1658 ஆம் ஆண்டில் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தரும், பின்னர் ஆங்கிலேயரும் அதனை முத்து வாணிகத்தின் நிலைக்களமாகக் கொண்டனர். 1974 ஆம் ஆண்டில் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

துறைகள் மூன்றும் மாறின. அவற்றைத் தேடி வணிகரை வரவழைத்த முத்து மாறவில்லை. கடலடியிற் பாறையாய்ப் பரந்து கிடக்கும் மேடுகளைப் பரதவர் ‘பார்’ என்பர். முத்துச்சிப்பிகள் அப்பார்களைப் பற்றி வாழ்கின்றன. சிப்பியின் உடலினுள் அயற்பொருள் ஏதேனும் புகுந்துவிடின், அதன் உறுத்தலைத் தாங்கும் பொருட்டுச் சிப்பி ஒளி பொருந்திய ஒரு பொருளைச் சுரந்து, அடுக்கடுக்காக அதன்மேற் பூசுகின்றது. அவ்வாறு திரண்டதே முத்து.

அதனை எடுக்கும் தொழில் உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலாகும். குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லில் காலை ஊன்றிப் பத்துப் பாகம் அளவான ஆழத்திற்கு இறங்குவார். ஒரு பாகம் என்பது ஆறடி. மூச்சடக்கி நிற்கும் ஒரு நிமிட நேரத்திற்குள் சிப்பிகளைப் பெயர்த்துப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். படகில் இருப்பவர் அக்குறிப்பறிந்து மேலே இழுப்பார். சிறிது தவறினும் உயிர் போகும். இத்துணை இடர்ப்பட்டும், ஆங்கில ஆட்சிக் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே குளித்தவர்க்குக் கிடைத்தது. ஏனைய இரண்டு பங்கும் அரசைச் சார்ந்தன.

முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடைபெற்றதன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பார்களை முன்னரே சோதித்து, சிப்பிகள் முதிர்ந்திருந்தால் மட்டுமே குளிப்புக்கு நாள் குறிப்பர். இளஞ்சிப்பிகளாயின் சில ஆண்டு காத்திருப்பர். அத்தகைய காவல் இருந்தும் வளம் நாளடைவிற் குன்றியது. 1961 ஆம் ஆண்டுக்குப் பின் இக்கடலிற் பழைய முறையில் முத்துக்குளிப்பு நிகழவில்லை. 1973 ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மீன்வள அறிஞர்கள் சிப்பியை வளர்த்து, அதனுள் மணியைப் புகுத்தி, வளர்ப்பு முத்தைத் தோற்றுவித்து வெற்றி கண்டனர்.

இக்கடலின் மற்றொரு வியப்பு பவளம். பவளப்பாறை என்பது உயிரற்ற கல்லன்று. கண்ணுக்கு எளிதிற் புலனாகாத சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு தமக்கெனக் கூடு கட்டுகின்றன. ஒன்று இறந்த கூட்டின்மேல் மற்றொன்று கட்ட, அது காலப்போக்கிற் பாறையாக உயர்கின்றது. மீன்கள் முட்டையிடவும், குஞ்சுகள் ஒளிந்து வளரவும் அஃது இடமாகின்றது. கரையை நோக்கி வரும் அலைகளின் வன்மையைத் தணித்து அரண் போலவும் நிற்கின்றது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே இத்தகைய பவளம் சூழ்ந்த தீவுகள் 21 இருந்தன. அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு 1986 ஆம் ஆண்டில் அறிவித்தது.

‘இருந்தன’ என்று கூறுதற்குக் காரணம் உண்டு. சுண்ணாம்பு காளவாய்க்காகவும், கட்டடப் பணிக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டியெடுக்கப்பட்டன. அரண் அழிந்தமையால் அலைகள் தீவுகளை அரித்தன. தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலாங்குசல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. கொற்கையின் துறையை ஆறு தூர்த்தற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. மனிதர் கை ஒரு தீவை அழித்தற்கு ஒரு தலைமுறைக் காலமே போதியதாயிற்று! முத்துச்சிப்பி முதிருமளவும் காத்திருந்த கடற்கரையிலேயே பவளத்திற்கு அத்தகைய காப்பு இல்லாமற் போயிற்று.

எனினும் நிலைமை முற்றும் கைமீறிவிடவில்லை. 2001 ஆம் ஆண்டில் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிற்கு உட்பட்டது. அரிக்கப்பட்டு வந்த வான்தீவைச் சூழ 2015 ஆம் ஆண்டு முதல் செயற்கைப் பாறைகள் இடப்பட்டன. அவற்றின் காப்பினால் அரிப்புத் தணிந்தது. அவற்றின் மீது புதிய பவளங்களும் பற்றி வளரத் தொடங்கின. ஆயினும் கடல்நீரின் வெப்பம் மிகுதலால் பவளம் வெளிறி மாளும் கேடு 2016 ஆம் ஆண்டிற் போல மீண்டும் நேரக்கூடும். ஆதலின் காவல் தளர்தல் ஆகாது.

இவ்வட்டாரத்தைக் காணச் செல்வோர்க்கும் அக்காவலிற் பங்கு உண்டு. ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் ஓர் ஓட்டுத்துண்டை எடுத்துப் பையில் இடுவோர், அஃது எந்த ஆழத்தில், எப்பொருளோடு கிடந்தது என்னும் செய்தியையும் அழித்து விடுகின்றனர். பவளக்கொம்பை முறித்து வருவோர், சிற்றுயிர்கள் பல ஆண்டு முயன்று கட்டிய வீட்டை இடித்து விடுகின்றனர். வனத்துறையின் இசைவின்றித் தீவுகளில் இறங்குதலும் தகாது. கண்டதை நெஞ்சிலும் குறிப்பேட்டிலும் கொண்டு வருதலே அறிவுடையோர் செயலாம். அங்ஙனம் விட்டுவரும் பொருள்களே, பின்வருவோர்க்கும் பொருநையின் வரலாற்றையும் முத்துக்கடலின் வளத்தையும் காட்டி நிற்கும்.