கொழுப்பை உறிஞ்சி எடுக்கப் போகிறீர்களா?

‘இடுப்புச் சதையை மெஷின் வச்சு எடுத்துடறாங்களாமே... செஞ்சுக்கலாமா டாக்டர்?’

கல்யாணம் நிச்சயமான பெண், இரண்டு பிரசவம் கண்ட தாய், தொப்பையைத் தடவியபடி வரும் ஐம்பது வயதுக்காரர் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. ‘சித்த வைத்தியர் ஆச்சே, ஆபரேஷன் என்றாலே வேண்டாம் என்பார்’ என்று நினைத்து, சொல்லாமலே போய்ப் படுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

சித்த மருத்துவத்தின் 32 வகைப் புறமருந்துகளில் அறுவையும் ஒன்று. ஆகவே கத்தியோடு எங்களுக்குப் பகை கிடையாது. தயாராகாமல், விஷயம் தெரியாமல் போவதுதான் கூடாது.

என்ன செய்கிறார்கள்?

இந்தச் சிகிச்சைக்கு ‘லைப்போசக்ஷன்’ என்று பெயர். 1970-களில் இத்தாலியைச் சேர்ந்த ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் ஆரம்பித்தார்கள். பிரான்ஸ் நாட்டு டாக்டர் இல்லூஸ் அதை மேம்படுத்தினார். உப்பு நீரோடு மரத்துப்போகும் மருந்தையும், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்தையும் கலந்து சதைக்குள் நிறையச் செலுத்துவார்கள். பிறகு சில மில்லிமீட்டர் துளை போட்டு, மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். ரத்தச் சேதத்தை வெகுவாகக் குறைத்த இந்த ஊறல் முறையை 1987-ல் வெளியிட்டவர், அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளைன்.

எடுத்த கொழுப்பைச் சுத்தம் செய்து, ஒட்டிப்போன கன்னத்திலோ வேறு இடத்திலோ ஏற்றுவது ‘கொழுப்பு மாற்று’. ஜெர்மானிய மருத்துவர் நாய்பர் 1893-லேயே கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத் தழும்பை நிரப்பியிருக்கிறார்.

எடை குறையுமா?

குறையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது உருவத்தைச் செதுக்கும் வேலை. எடைக் குறைப்புச் சிகிச்சை அல்ல.

நம் உடற்கட்டுகள் ஏழில் கொழுப்பு நான்காவது. உறுப்புகளுக்கு நெய்ப்பசை தருவது அதன் வேலை என்கிறது சித்த மருத்துவம். அது தோலுக்கு அடியில் மட்டும் தங்குவதில்லை, வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் சேர்கிறது. குழாய் எட்டுவது தோலடிக் கொழுப்பை மட்டுமே. வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கையில் தடிமனாகச் சிக்கினால் அது தோலடிக் கொழுப்பு. தொப்பை பானை மாதிரி முன்னால் நிற்கிறது, கையில் சதை சிக்கவில்லை என்றால், கொழுப்பு உள்ளே இருக்கிறது. சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் அதிகம் வழிவிடுவது அந்த உள்கொழுப்புதான்.

அமெரிக்காவில் 15 பருமனான பெண்களுக்கு ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்து, 10 முதல் 12 வாரம் கழித்துப் பரிசோதித்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் திறன் எதிலும் முன்னேற்றம் இல்லை! இந்த ஆய்வு 2004-ல் வெளியானது.

அப்படியானால் யாருக்கு ஏற்றது? எடை பல மாதமாக ஒரே நிலையில் நின்று, நடையும் உணவுக் கட்டுப்பாடும் இருந்தும், ஓரிரு இடத்தில் மட்டும் சதை பிடிவாதமாக நிற்பவர்களுக்கு. தோல் சுருங்கிக்கொடுக்கும் தன்மையோடு இருக்க வேண்டும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள் ஆகியோருக்கு இப்போதைக்கு வேண்டாம். ரத்தக் கட்டி வந்தவர்களும், ரத்தம் உறையாத கோளாறு உள்ளவர்களும் அதைச் சொல்லாமல் அடியெடுத்து வைக்கக்கூடாது.

ஏற்றிய கொழுப்பு முழுதும் நிலைக்காது. ஒரு பகுதியை உடம்பே கரைத்துவிடும். மூன்று முதல் ஆறு மாதம் போனால்தான் உண்மையான பலன் தெரியும். புகைப்பவர்களுக்கு இன்னும் குறைவாகவே ஒட்டும்.

மருந்தை மறைக்காதீர்கள்!

‘என்ன மருந்து சாப்பிடறீங்க?’ என்று ஆஸ்பத்திரியில் கேட்டால், இங்கிலீஷ் மருந்தை மட்டும் சொல்வது நம் வழக்கம். ‘நாட்டு மருந்துதானே, என்ன செய்யப் போகுது?’ என்ற அலட்சியம். குணம் செய்யக்கூடிய மருந்துக்கு வேகமும் உண்டு என்பதை ஏன் மறக்கிறோம்?

பூண்டு மாத்திரை, இஞ்சிச் சாறு, மஞ்சள் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, எடை குறைய விற்கும் குக்குலு ஆகியவை ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறி, பொட்டாசியம் குறையலாம். அமுக்கரா மயக்க மருந்தோடு சேர்ந்து தூக்கத்தைக் கூட்டலாம். குழம்பில் போடும் நாலு பல் பூண்டுக்குப் பயப்பட வேண்டாம். சூரணம், லேகியம், மாத்திரை என்று மருந்தளவில் போனால்தான் கவனம் தேவை.

இவற்றைப் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டப்பாவோடு கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசியையும் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, சர்க்கரை மாத்திரை பற்றியும் சொல்லிவிட்டு, நிறுத்துவதை அவர்கள் முடிவுக்கு விடுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் வழக்கமான தேன் வெந்நீரும் கஷாயமும் கூடாது!

டாக்டரிடம் கேளுங்கள்

* நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் பட்டம் பெற்றவரா? மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன?
* மயக்க மருந்து டாக்டர் கடைசிவரை இருப்பாரா? அவசரம் என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு எங்கே?
* எத்தனை லிட்டர் எடுப்பீர்கள்? (5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய ஆபரேஷன். ஆபத்தும் கூடும்.)
* செலவு மொத்தம் எவ்வளவு? அழகுக்கான ஆபரேஷனுக்குப் பொதுவாக இன்ஷூரன்ஸ் கிடைக்காது.

பிட்டத்தில் கொழுப்பு ஏற்றுவதில் தனி எச்சரிக்கை வேண்டும். கொழுப்பு தசைக்குள் இருக்கும் பெரிய ரத்தக் குழாயில் புகுந்தால் நுரையீரலை அடைத்துவிடும். இதில் 3,000 பேருக்கு ஒருவர் வரை இறக்கலாம் என்று 2018-ல் பல நாட்டு அழகு அறுவை மருத்துவர் சங்கங்கள் கூட்டாக எச்சரித்தன. ‘தசைக்குள் போடமாட்டோம், தோலடியில் மட்டும்தான்’ என்ற உறுதி தராத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

வீட்டாரிடமும் மறைக்க வேண்டாம். 2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். தங்களுக்குச் சொல்லாமலே போயிருந்தார் என்று பெற்றோர் கலங்கினார்கள்.

வீடு திரும்பிய பின்...

இறுக்கமான உடையைச் சில வாரம் போட்டிருக்கச் சொல்வார்கள். கசகசக்கிறது என்று கழற்றி எறியாதீர்கள். அன்றைக்கே மெல்ல நடக்கத் தொடங்க வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும். புண்ணில் மஞ்சள் பற்று, பச்சிலைச் சாறு எதுவும் போடாதீர்கள். வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்து நீவி விடுவதும் கூடாது. அறுவை செய்தவர் அனுமதித்த பிறகே எண்ணெய்க் குளியல். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், ‘காலையில் பார்க்கலாம்’ என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடுத்த இடத்தில் மிச்சமிருக்கும் கொழுப்பணுக்கள் பழைய சாப்பாட்டுக்குப் பழையபடி பருக்கும். அதனால் ஒரு யோசனை சொல்கிறேன். தேதி குறிப்பதற்கு முன் மூன்று மாதம் தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள். இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் அளவாக முடியுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் விசேஷ நாளோடு நிறுத்துங்கள். சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டாலும் பரவாயில்லை. தயாரான உடம்போடு போவீர்கள், திரும்பி வந்து அந்தப் பலனைக் காப்பாற்றிக்கொள்ளவும் பழகியிருப்பீர்கள்.