கிண்டர் மலையும் ஒரு மெக்கானிக்கும்

மான்செஸ்டர் ஆலைப் புகையில் வாரமெல்லாம் வெந்தவர்கள், ஞாயிறு வந்தால் ரயிலிலோ சைக்கிளிலோ மலைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள். பென்னி ராத்மனும் அப்படித்தான். சிறுவயதிலேயே மோட்டார் தொழிலில் எடுபிடியாகச் சேர்ந்து மெக்கானிக் ஆனவர். உதிரி பாகங்களைக் கோத்துத் தானே செய்த சைக்கிளில் ஊர் சுற்றியவர்.

மலை கண்ணுக்குத் தெரியும்; கால் வைக்கத்தான் முடியாது. 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கவுட் அன்று பிரபுக்களின் வேட்டை நிலம். கிரவுஸ் பறவையைச் சுட வருடத்தில் கொஞ்ச நாள் வருவார்கள். மற்ற நாளெல்லாம் தடியோடு காவலாட்கள். மலைகளை மக்களுக்குத் திறந்துவிடக் கோரும் மசோதா 1884-லேயே நாடாளுமன்றத்துக்கு வந்து தோற்றுப்போயிருந்தது.

1932 ஏப்ரல் 24. தடையை மீறிக் கூட்டமாகக் கிண்டரில் ஏறுவது என்று திட்டம். ரயிலில் வந்தால் போலீஸ் மடக்கும் என்று ராத்மன் சைக்கிளிலேயே மலையடிவார ஊரான ஹேஃபீல்டு வந்து சேர்ந்தார். அங்கே கல்குவாரியில் திரண்டவர்களிடம் பேச வேண்டியவர் பின்வாங்கிவிட, ஆள் குட்டையான இந்த 20 வயது இளைஞர் பாறைமேல் ஏறிப் பேசினார். சில நூறு பேர் அவரோடு மலையேறினார்கள். மேலே காவலாட்களுடன் தள்ளுமுள்ளு, இறங்கியதும் கைது. அத்துமீறி நுழைவது அன்று குற்றவியல் குற்றமே அல்ல. அதனால் கலகம் விளைவித்ததாக வழக்குப் போட்டார்கள். ராணுவ அதிகாரிகளும் நிலச்சுவான்தார்களும் நிறைந்த ஜூரி. ராத்மனுக்கு 4 மாதம் சிறை. நடைப்பயணச் சங்கத்தார்கூட அவரைக் கண்டித்தார்கள். ஆனால் அரை நூற்றாண்டாக மனு எழுதியும் அசையாத விஷயத்தை ஊரெல்லாம் பேச வைத்தது அந்தத் தண்டனைதான்.

பின்னர் அவர் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் ஆலையில் தொழிற்சங்கவாதியானார். மலையை மட்டும் விடவில்லை. முதுமையிலும் நடைபாதை உரிமைக்காகக் கூட்டம் கூட்டினார்.

இன்று கிண்டரில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். 1951-இல் அந்த வட்டாரம் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது. 1982-இல் கிண்டர் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வசம் வந்தது. திறந்தவெளியில் நடக்கும் உரிமைச் சட்டம் 2000-இல் நிறைவேறி, 2004-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. 2002-இல், அந்த நடையின் 70-ஆம் ஆண்டு விழாவில், மலைக்குச் சொந்தக்காரராயிருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அதைக் கேட்க இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் காலமானார்.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவும் இல்லை. இங்கிலாந்து நிலத்தில் இப்படித் திறந்திருப்பது இன்றும் சுமார் 8 விழுக்காடுதான்.